சக்கரம் கட்டிப் பார்த்த ஜீப்

"அப்ப நாலு சக்கரமும் சேந்து இழுக்கும்ங்கிறீக?"

"இந்தக் குச்சிய முன்னால தள்ளுனா நாலும் இழுக்கும் அண்ணாச்சி. தள்ளலைன்னா பின்னால உள்ள ரெண்டு மட்டும்."

"தள்ளியே வச்சிக்கிட்டா என்ன?"

"வச்சிக்கிடலாம். தண்ணிக்குத் தோண்டுன கெணத்துல டீசல் ஊறணும்."

ஐயாத்துரை சிரிக்கவில்லை. வாங்கும் எண்ணத்தோடு ஒரு பொருளைப் பார்க்கும்போது அவர் சிரிப்பதில்லை. ஜீப்பைச் சுற்றி இன்னொரு முறை நடந்தார். பச்சை வர்ணத்துக்கு அடியில் பழைய வெள்ளை எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன, ஏதோ ஒரு சர்க்கார் இலாகாவின் பெயர். அதை ஏலத்தில் எடுத்து, பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் மாட்டி, நான்கு வருடம் ஓட்டியவர் சௌந்தரபாண்டியன். அருப்புக்கோட்டைக்காரர், ரோடு காண்ட்ராக்ட் எடுக்கிறவர். இப்போது லாரி வாங்கிவிட்டதால் ஜீப்பை விற்கப் பரளச்சி வரை தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

1988ஆம் வருடம் மே மாதம் இருபத்தாறாம் தேதி. மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது. அதற்குள் ஜீப்பின் மூடியில் கை வைக்க முடியாதபடி சூடேறியிருந்தது.

வேப்பமரத்தடியில் டிரெய்லர் நின்றது. இரண்டு சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி. மூக்கை ஒரு கல்லின் மேல் சாய்த்துக்கொண்டு ஒன்றரை மாதமாக அப்படியே நிற்கிறது. இழுக்கும் வண்டி வாங்குவதற்கு முன்பே ஐயாத்துரை டவுன் பட்டறையில் சொல்லி டிரெய்லரைச் செய்துவிட்டார். கலப்பை முதலில் வந்து மாடு பின்னால் வருவது சம்சாரி வீட்டில் புதிதில்லை என்று அவர் நினைத்தார். ஆனால் எந்த மாடு என்பதில்தான் அவருக்கு முடிவு வரவில்லை.

இரண்டு வருடமாக மழை இல்லை. பருத்தி போட்ட நிலத்தில் சீமைக்கருவேலம் காடாகிவிட்டது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி, அருப்புக்கோட்டை கமிஷன் கடைக்கு அனுப்புவதுதான் இப்போது பிழைப்பு. எம்.ரெட்டியபட்டியில் ஒரு பழைய டிராக்டர் விலைக்கு இருந்தது. அதை வாங்கினால் பெரிய டிரெய்லராக மாற்றிக்கொண்டு ஐம்பது மூட்டையை ஒரே நடையில் கொண்டுபோய்விடலாம். வாரத்துக்கு இரண்டு நடை போதும். மழை பெய்தால் உழவும் உழலாம். டிராக்டர் என்றால் பேங்கில் லோனும் தருவார்கள்.

ஜீப்பில் அது நடக்காது. பதினைந்து மூட்டைதான் தாங்கும். தினமும் போக வேண்டும், தினமும் வர வேண்டும்.

இந்தத் 'தினமும்' என்ற ஒரு விஷயம்தான் மாரிக்கனிக்கு வேண்டியிருந்தது.

மாரிக்கனி ஐயாத்துரையின் தங்கை. இருபத்தாறு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. இரும்புப் பட்டை போட்ட பூட்ஸும் ஒரு கம்புமாக நடப்பாள். ஆனால் அவளுடைய பத்து விரல்களுக்கும் இருந்த வேகம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டைப் இன்ஸ்டிடியூட்டில் வேறு யாருக்கும் கிடையாது. படிக்கப் போன இடத்திலேயே ஹையர் பாஸ் பண்ணி, அங்கேயே சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்து மூன்று வருடமாயிற்று. சும்மா இருக்கும்போதுகூட அவள் விரல்கள் தொடைமேல் ஏ, எஸ், டி, எஃப் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

மார்ச் மாதம் ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது, வலது காலைப் படியில் வைத்து இடது காலைக் கையால் தூக்குவதற்குள் விசில் கொடுத்துவிட்டார்கள். விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டு, கட்டும் அவிழ்த்தாயிற்று. கை சரியாகிவிட்டது. ஆனால் பஸ்ஸில் மட்டும் இனி அனுப்ப மாட்டேன் என்று ஐயாத்துரை சொல்லிவிட்டார். டவுனில் சித்தி வீட்டில் தங்கலாம்தான். முன்பு இரண்டு மாதம் தங்கியும் பார்த்தாள். தெருக்குழாயில் வரிசையில் நின்று ஒரு குடம் தண்ணீர் தூக்கிவர முடியாதவள், கோடைகாலத்தில் அந்த வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்?

இன்ஸ்டிடியூட்டு முதலாளி சங்கரபாண்டியன் போன வாரம் கார்டு போட்டிருந்தார். ஆகஸ்டு பரீட்சைக்கான வகுப்பு ஜூன் ஒன்றாம் தேதி தொடங்குகிறது. அன்றைக்கு மாரிக்கனி வராவிட்டால் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும், தப்பாக நினைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். ஜூன் ஒன்று வரும் புதன்கிழமை.

"ஜீப்ப வாங்குனா தெனம் ஒன்னைய இன்ஸ்டிடியூட்டு வாசல்ல எறக்கிவிட்டுட்டுத்தான் கமிஷன் கடைக்குப் போவேன்" என்று ஐயாத்துரை சொல்லியிருந்தார். வாங்குவேன் என்று சொல்லவில்லை. வாங்கினால் என்றுதான் சொன்னார்.

ஆண்கள் இஞ்சின் மூடியைத் திறந்து குனிந்திருந்த நேரத்தில் மாரிக்கனி ஜீப்பின் இடதுபக்கம் போனாள். கதவு இல்லாத வண்டி. அது நல்லது. ஒரே ஒரு படி, பஸ் படியில் பாதி உயரம். முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து, வலது காலை வைத்து எம்பி, உட்கார்ந்த பிறகு இடது காலைத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். மூன்றாம் முறை ஏறியபோது கம்பைக்கூட வண்டியில் சாய்த்து வைக்கவில்லை.

ஐயாத்துரையின் மனைவி ராமலட்சுமி தண்ணீர்ச் செம்போடு வந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்ன மதினி அப்படிப் பாக்கீக?"

"வெல பேசாத வண்டியில மூணு வாட்டி ஏறிட்ட. நாலாவது ஏறுனா டிக்கெட்டுக் கேப்பாரு."

"கேக்கட்டும். சீசன் டிக்கெட்டா எடுத்துக்கிடுறேன்."

அந்த இருக்கையிலிருந்து பார்த்தால் கரிசல் வேறு மாதிரி இருந்தது. தரையில் நிற்கும்போது வெடிப்பு வெடிப்பாகத் தெரிவது, மேலிருந்து பார்க்க ஒரே பரப்பாக, எங்கோ போய்ச் சேரும் இடமாகத் தெரிந்தது. தூரத்தில் மெயின் ரோட்டில் ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அது தன்னை விட்டுவிட்டுப் போகிறது என்று முதன்முறையாக அவளுக்குத் தோன்றவில்லை.

டிரெய்லரை மாட்டினார்கள். பதினைந்து மூட்டை கரி ஏற்றினார்கள். சௌந்தரபாண்டியன் வண்டியைக் கண்மாய்க் கரைமேல் ஏற்றி, மறுபக்கம் இறக்கி, வறண்ட கண்மாய்க்குள்ளேயே ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்தார். ஒரு மூட்டைகூடச் சரியவில்லை. ஐயாத்துரையின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். விலை பேச உட்காருவதற்கு முன் அவர் செய்வது அது.

அப்போதுதான் ராமசுப்பு வந்தார். ஐயாத்துரைக்குப் பெரியப்பா முறை. மாட்டுத்தாவணிச் சந்தையில் அவர் வேண்டாம் என்று தலையாட்டிய மாட்டை அந்த வட்டாரத்தில் யாரும் வாங்க மாட்டார்கள்.

"என்னலே, தகரடப்பாவ வாங்கப் போறியாக்கும்?"

"நல்லா இழுக்குது பெரியப்பா. கரை ஏறி எறங்கிருச்சு."

"காஞ்ச கண்மாய்ல என் கெழட்டுப் பசுவும் இழுக்கும். மழை பேஞ்சு கரிசல் கால்ல அப்புதுன்னு வச்சுக்க. அப்ப?"

"அதுக்குத்தான் நாலு சக்கரமும் இழுக்கும்ங்காரு."

"அவரு சொல்வாருலே. விக்கிறவன் வேற என்னத்தச் சொல்வான்?"

சௌந்தரபாண்டியன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "பெரியவுக டிராக்டர் கச்சி போலுக்கு."

"நான் எந்தக் கச்சியும் இல்ல. எனக்கு மாடுதான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வலுவ நம்ப மாட்டேன்."

ஐயாத்துரை துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மாரிக்கனி அதைப் பார்த்தாள். துண்டு கைக்கு வந்துவிட்டால் அண்ணன் யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். யோசித்தால் ஒரு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் ஜூன் இரண்டாம் தேதி வந்துவிடும்.

"அண்ணே" என்றாள் ஜீப்புக்குள் இருந்தபடி. "சக்கரத்தக் கட்டிப் பாத்துருவோம்."

அந்த வீட்டில் சக்கரம் கட்டாமல் ஒரு ஜோடி மாடுகூட வாங்கியதில்லை. பாரவண்டியில் கல்லை ஏற்றி, இரண்டு சக்கரமும் உருளாதபடி வடக்கயிற்றால் சட்டத்தோடு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பிறகு மாட்டைப் பூட்டி, எல்லைக்கல்லிலிருந்து புளியமரம் வரை இழுக்க விடுவார்கள். சாட்டை எடுக்கக் கூடாது. அதட்டக் கூடாது. மண்டி போட்டாவது இழுத்துவிட்டால் சொன்ன விலை. நடுவில் படுத்துவிட்டால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஐயாத்துரையின் அப்பா காலத்தில், பார்த்தவர்கள் கண் வைக்கும்படியான ஒரு மயிலை ஜோடி மரத்துக்கு மூன்றடி இருக்கும்போது படுத்துவிட்டது. அவர் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். படுத்த மாடு அந்தத் தொழுவத்தில் நின்றதில்லை.

"தங்கச்சி, இது மாடு இல்ல" என்றார் சௌந்தரபாண்டியன்.

"தெரியுது அண்ணாச்சி. வந்து ஒரு மணி நேரமாச்சு, இன்னும் சாணி போடல."

ராமலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள். ராமசுப்புவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வெளையாட்டு இல்லம்மா. ரோட்டுல எங்கயாச்சும் சக்கரத்தக் கட்டிக்கிட்டா லோடு இழுக்கப் போறோம்?"

"மாட்டுவண்டியும் கட்டிக்கிட்டுப் போறதில்ல. வலு தெரியணும்ல? படுத்துரும்னு பயமாயிருந்தா சொல்லிருங்க, விட்டுருவோம்."

சௌந்தரபாண்டியன் ஐயாத்துரையைப் பார்த்தார். ஐயாத்துரையின் துண்டு மறுபடி தோளுக்குப் போயிற்று. அதற்குமேல் சௌந்தரபாண்டியன் மறுக்க முடியாது. மறுத்தால் வண்டியில் ஏதோ கோளாறு என்று ஊரெல்லாம் பேசிக்கொள்ளும். "கட்டுங்க" என்றார்.

ராமசுப்பு கயிற்றைத் தானே வாங்கிக் கட்டினார். வேறு யாராவது கட்டினால் தளர்ந்துவிடும் என்பது அவர் எண்ணம். மாரிக்கனி இறங்கவில்லை. "நானும் லோடுதான், இருக்கேன்" என்றாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை. கரையில் ஏறியபோது இஞ்சின் முனகக்கூட இல்லை. எல்லைக்கல்லிலிருந்து புளியமரம் நூறு அடிதான். மரத்தைத் தொட்டுவிட்டால் பெரியப்பா வாயால் ஒன்றும் சொல்ல முடியாது, அண்ணனும் அதற்குமேல் யோசிக்க மாட்டார்.

சௌந்தரபாண்டியன் குச்சியைத் தள்ளி, கீழ்க் கியரில் போட்டு மெதுவாகக் கிளப்பினார். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி நகர்ந்தது. கட்டிய சக்கரங்கள் உருளாமல் தரையைக் கீறிக்கொண்டு வந்தன. பின்னால் இரண்டு பள்ளம், ஏர் ஓட்டியதுபோல. கூடியிருந்தவர்கள் ஆரவாரம் போட்டார்கள். முப்பது அடி. எண்பது அடி. மேல்மண் காய்ந்த கட்டியாக இருந்தவரை சரியாக வந்தது. அதற்கப்பால், போன மாதம் கண்மாய் வண்டலான கரம்பையைக் கொட்டி நிரவிய இடத்தில் மண் பொலபொலவென்று இருந்தது. டிரெய்லர் சக்கரங்கள் அதில் இறங்கின. உருளும் சக்கரமாக இருந்திருந்தால் மேலேறி வந்திருக்கும். கட்டிய சக்கரம் மண்ணைத் தனக்கு முன்னால் குவித்துக்கொண்டு, நங்கூரம்போல உட்கார்ந்தது.

வண்டி நின்றுவிடாமலிருக்க சௌந்தரபாண்டியன் கிளச்சைப் பாதி மிதித்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மாரிக்கனியின் காலுக்குக் கீழிருந்து ஒரு வாடை வந்தது. மாட்டுக்கு லாடம் கட்டும்போது குளம்பில் சூடு பட்டால் வருகிற வாடை.

அவரும் முகர்ந்துவிட்டார். காலை எடுக்காமல் அவள் பக்கம் திரும்பினார்.

"போதுமா தங்கச்சி?"

புளியமரத்தின் நிழல் ஜீப்பின் மூக்கைத் தொட்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு நிறுத்தினால் அதற்குப் பெயர் படுத்துவிட்டது என்பதுதான்.

"இன்னும் பத்தடிதான் அண்ணாச்சி."

அவர் அழுத்தினார். இஞ்சின் அலறியது. நீலமாகப் புகை தரையிலிருந்து பலகை இடுக்கு வழியாக மேலே வந்தது. பிறகு இஞ்சின் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. வண்டி நகரவில்லை. அலறல் ஒருபக்கம், வண்டி ஒருபக்கம் என்று இரண்டும் ஒன்றையொன்று தெரியாதவை மாதிரி ஆகிவிட்டன. சௌந்தரபாண்டியன் சாவியைத் திருகி அணைத்தார்.

ஆரவாரம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள்.

ராமசுப்பு நடந்து வந்து ஜீப்பின் மூக்குக்கும் மரத்துக்கும் இடையே அடி வைத்து அளந்தார். "ஏழு" என்றார். பிறகு, கேலி எதுவும் இல்லாமல், சாவு செய்தி சொல்கிற குரலில், "படுத்துருச்சு" என்றார்.

"கிளச் பிளேட்டு கருகிருச்சு" என்றார் சௌந்தரபாண்டியன். இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு நாள் வேல. வேற பிளேட்டு போட்டா காலையில கரையேறுன மாதிரியே ஏறும்."

"நான் போட்டுத் தாரேன்" என்றார் ஐயாத்துரை. "எங்க வீட்டுச் சோதனையில போனது. ஒங்களக் கைநட்டப்படுத்த மாட்டேன். ஆனா வண்டி வேண்டாம் அண்ணாச்சி."

"என்ன அண்ணாச்சி நீங்க? மாட்டுக்கு உள்ள சட்டத்த…"

"வேண்டாம்னா விட்டுருங்க. நாளைக்குக் காலையில எம்.ரெட்டியபட்டி போறேன். அந்த டிராக்டரப் பேசி முடிச்சிட்டு வாரேன்."

ராமலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "நீங்களுந்தான் ஒரு கால்ல கல்லக் கட்டிக்கிட்டு நடந்து பாருங்க, படுக்கீகளா இல்லையான்னு தெரியும்."

"நீ உள்ள போ."

"போறேன். டிராக்டரு மக்காட்டுல ஒங்க தங்கச்சிய ஒக்கார வச்சு டவுனுக்கு ஓட்டுங்க, பாக்க நல்லாத்தான் இருக்கும்." அவள் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாரிக்கனி இருக்கையை விட்டு அசையவில்லை. திட்டுவதற்குக்கூட அவளுக்கு யாரும் கிடைக்கவில்லை. பெரியப்பா சும்மா வாய்ப்பேச்சுப் பேசினார். அவர் சக்கரம் கட்டச் சொல்லவில்லை. அண்ணன் வெறுமனே நின்றார். வண்டிக்காரர் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னார், போதுமா என்று ஒருமுறை கேட்டார். இரண்டுக்கும் பதில் சொன்னது அவள்தான்.

டிரெய்லரைக் கழற்றினார்கள். கயிற்றை அவிழ்த்த உடனே அது ஒரு கைத் தள்ளுக்கே உருண்டு ஓரத்துக்குப் போயிற்று. ஜீப்பை மெயின் ரோடு வரை கொண்டுபோய்விட்டால் அங்கிருந்து லாரியில் கட்டி இழுத்துக்கொள்ளலாம் என்றார் சௌந்தரபாண்டியன். ஐயாத்துரை தொழுவத்திலிருந்து செவலை ஜோடியைப் பிடித்துவந்து, நுகத்திலிருந்து ஒரு சங்கிலியை ஜீப்பின் முன்வளையத்தில் மாட்டினார். சௌந்தரபாண்டியன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்கும்மா" என்றார் ஐயாத்துரை.

"ரோடு வரைக்கும் வாரேன்."

அவர் மாட்டைத் தட்டினார். மாடுகள் ஜீப்பை இழுத்துக்கொண்டு நடந்தன. சத்தமே இல்லை, சங்கிலி உரசுவது மட்டும் கேட்டது. தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஐயாத்துரை யாரையும் பார்க்காமல், ஜீப்பின் இடதுபக்கத்தில், அவள் கால் பக்கமாக நடந்து வந்தார். துண்டு கையில்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் மாரிக்கனிக்குப் பேசத் தைரியம் வந்தது.

"அண்ணே."

"ம்."

"கட்டச் சொன்னது நான். வாடை வந்தப்பயே அவரு நிறுத்தக் கேட்டாரு. பத்தடிதான்னு சொன்னதும் நான்தான்."

சௌந்தரபாண்டியன் ரோட்டை நேராகப் பார்த்துக்கொண்டு, காது கேட்காதவர்போல ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்.

"மாடு படுத்தா அதுக்கு மனசு விட்டுப்போச்சுன்னு அர்த்தம்னு அப்பா சொல்வாரு. அதான் வேண்டாம்பாரு. இதுக்கு ஏது மனசு? தேஞ்சத மாத்துனா இழுக்கும்."

மெயின் ரோடு தெரிந்தது. தார் உருகி மினுமினுத்தது. மாடுகள் சூட்டுக்குத் தயங்கி, ஓரத்து மண்ணிலேயே நின்றன. ஐயாத்துரை சங்கிலியைக் கழற்றப் போகாமல், செவலையின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"டிராக்டரு நாளைக்கே ஓடிப்போயிறாது. சனிக்கிழம பிளேட்டு மாட்டிருவாங்க. திங்கக்கிழம காலையில, சக்கரத்தக் கட்டாம, தெனம் போற மாதிரி பதினஞ்சு மூட்டைய ஏத்திக்கிட்டு, என்னையும் ஏத்திக்கிட்டு, இன்ஸ்டிடியூட்டு வாசல் வரைக்கும் ஒரே ஒரு நடை போயிட்டு வந்து, அதுக்குப் பெறகு முடிவு சொல்றியாண்ணே?"